அன்று படி ஈரமாக இல்லை

கண்ணு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேனே என்று கோவித்துக்கொள்ளாதே. பகலில் எழுத உட்கார்ந்தால் உன் தங்கச்சி தோளுக்குப் பின்னால் வந்து நின்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். இதை அவள் படிக்கக் கூடாது. ஹரிணி தூங்கிய பிறகுதான் பேனாவைத் தேடி எடுத்தேன். போனில் பேசலாமென்றால் நீ எடுப்பதில்லை. நான் பேசி அனுப்புவதையெல்லாம் கேட்கிறாய் என்பது மட்டும் அந்த நீலக் குறியில் தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காலையில் பக்கத்து வீட்டுச் சின்னச்சாமி மாமா பலாப்பழ வேனோடு திருச்செங்கோடு போகிறார். நீ தங்கியிருக்கும் போர்வெல் ஷெட் அவருக்குத் தெரியுமாம். உறையை நான் ஒட்டவில்லை. கோந்தைத் தேடினேன், பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன். வழியில் யாராவது பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். மூடி மூடி வைத்துத்தான் நான் சோறு இறங்காமல் இப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

சாயந்திரம் அப்பா போனில் பேசினார். அடுத்த வாரம் அவர் வேலை பார்க்கும் ரிக் வண்டி போர் போட வடக்கே கிளம்புகிறதாம், உன்னையும் ஆளாகச் சேர்த்துக்கொள்ள ஓனர் ஒத்துக்கொண்டாராம். அவருக்கு ஒரே சந்தோஷம். "வாத்தியாரு வேலையில டெம்பரவரியா இருந்து என்னத்தக் கண்டான், ரிக்குல ஒரு சீசன் போனான்னா ஊட்டுக்குக் கான்கிரீட் போட்டுரலாம்" என்கிறார். தகுதித் தேர்வில் பெயிலானதால் மனசு விட்டுப்போய்க் கிளம்பிவிட்டாய் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டி கிளம்பிவிட்டால் நீ மாசக்கணக்கில் வர மாட்டாய். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நீ மலைக்கு வர வேண்டும், சாமி. அந்தப் பிள்ளை பவித்ரா வீட்டுக்குப் போய், அவள் அப்பா அம்மா முன்னால் உட்கார்ந்து, "நான்தான் அடித்தேன்" என்று உன் வாயால் சொல்ல வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நீ அங்கே வாத்தியாராக வந்த புதிதில் எனக்கு இருந்த பயம் வேறு. உனக்கும் எனக்கும் இருபது வயசுதான் வித்தியாசம். காலேஜ் கடைசி வருஷப் பரீட்சை ஹாலில் நீ என் வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தாய். பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலை கிடைக்காமல், கடைசியில் நீ படித்த பள்ளிக்கூடத்திலேயே காலைச் சாப்பாடு ஆக்கும் வேலைக்குத்தான் வந்து சேர்ந்தேன். அதே பள்ளிக்கூடத்துக்கு நீ வாத்தியாராக வருகிறாய் என்றதும், அம்மா கரண்டியோடு நிற்பதைப் பார்த்து உனக்கு வெட்கமாக இருக்குமோ என்று நினைத்தேன். முதல் நாள் நீ பள்ளிக்கூட வாசலில் ஷூவைக் கழற்றி, பிள்ளைகளின் செருப்பு வரிசையில் கடைசியாக வைத்துவிட்டு, நேராக வந்து அவர்களோடு பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். நான் உன் தட்டில் ஒரு கரண்டி கிச்சடி கூடுதலாகப் போட்டேன். அப்போது பக்கத்தில் இருந்த பவித்ராதான், "சார், கீழ உக்காராதீங்க, சிமெண்டு சில்லுனு இருக்கும்" என்றாள். "உங்களுக்குச் சில்லுனு இல்லீங்களா?" என்று நீ கேட்டாய். "எங்களுக்குப் பழகிப்போச்சுங்க. நீங்க வாத்தியாருல்லீங்களா, உங்க குண்டி புதுசு" என்றாள். பந்தி முழுக்கச் சிரித்தது. உனக்கு மூக்கு வழியாகச் சாம்பார் வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் உன் தட்டை நீயே குழாயடியில் கழுவி வைத்தாய். நீ ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை அவரவர் தட்டை அப்படி அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள், நான்தான் பொறுக்கிக்கொண்டு திரிவேன். கொஞ்ச நாளில் எனக்குத் தட்டுக் கழுவும் வேலையே இல்லாமல் போனது. செருப்புகள் தானாக வரிசைக்கு வந்தன. ஒண்ணாவது படிக்கும் குழந்தையைக்கூட நீ "வாங்க, உக்காருங்க" என்றுதான் கூப்பிடுவாய். அது அவர்களுக்குள்ளும் பரவியது, சண்டை போடும்போதுகூட "நீங்கதானுங்க என்ற பென்சில எடுத்தீங்க" என்று மரியாதையாகவே சண்டை போட்டார்கள். ஒருநாள் கீழ்க்காட்டிலிருந்து ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார், நினைவிருக்கிறதா? "சார், எம்பையன் ரெண்டு நாளா என்னய வாங்க போங்கங்கறான். எதாச்சும் தப்புப் பண்ணிட்டு மறைக்கிறானோன்னு பயமா இருக்குதுங்க" என்றார். நீயும் பெரிய டீச்சரும் அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். பெரிய டீச்சர் என்னிடம் வந்து, "உங்க பையன் பாடம் நடத்தறதவிட நடந்துக்கறதுதானம்மா இதுகளுக்கு ஏறுது. நானும் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தினம் பஸ் ஏறி வந்து தொண்டை கிழியக் கத்தறேன், ஒண்ணும் ஏறலையே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதையே நினைத்துப் பயப்படுகிறேன். நல்லது எப்படி ஏறியதோ அப்படித்தானே மற்றதும் ஏறும்.

அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி நீ சாப்பிடாமல் படுத்தாய், மறுநாள் விடிவதற்குள் பையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாய். அதனால் நான் பார்த்ததை இங்கே எழுதிவிடுகிறேன். நான் பார்த்தது தப்பாக இருந்தால் நீ திருத்து.

முந்தின நாள் சாயந்திரம் உன் ரிசல்ட் வந்திருந்தது. நீ எங்களிடம் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாய். நானும் அப்பாவும் போனில் அதைப் பற்றிப் பேசியதை ஹரிணி கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் அவள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள், எட்டு வயசுப் பிள்ளைக்கு அது சொல்லக்கூடாத விஷயம் என்று தெரியவில்லை. அன்றைக்குப் பெரிய டீச்சர் மீட்டிங்குக்குப் போய்விட்டார். அஞ்சு வகுப்பையும் நீ ஒருத்தனே ஒரே ரூமில் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாய். போன் வந்தது, வெளியே வேப்பமரத்தடிக்குப் போனாய். நான் குழாயடியில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது.

பவித்ரா எழுந்து கரும்பலகைக்குப் போனாள். உன்னைப் போலவே சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்தாள். உன்னைப் போலவே சாக்பீஸைக் காதில் செருகினாள். "சரிங்களா? புரிஞ்சுதுங்களா? புரியலீன்னா என்னயத் திட்டிக்கங்க" என்றாள். உன் நடை, உன் தொண்டைச் செருமல், எல்லாம் அப்படியே. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. நீ திரும்பி வந்து வாசலில் நின்றது அவளுக்குத் தெரியாது. அப்போது அவள் சொன்னாள், "நானும் பெயிலுதானுங்க. பெயிலானா என்னங்க, மறுக்காப் படிச்சுக்கலாம்."

கண்ணு, அது உன் வார்த்தை. கணக்கில் முட்டை வாங்கிய ஒவ்வொரு பிள்ளையிடமும் நீ சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. அவள் உன்னைக் கேலி செய்ததாக நீ நினைத்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாராவது உனக்கு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமே என்று சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் உன் காதில் "பெயில்" மட்டும்தான் விழுந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாய். நீ போன வேகத்தை நான் பார்த்தேன். கையைத்தான் ஓங்கினாய், ஒரே அடிதான். அவள் சுருண்டுபோய் இரும்புப் பெஞ்சின் முனையில் விழுந்தாள். கீழுதடு கிழிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நீ செய்தது எதிலும் குறை சொல்ல மாட்டேன். அவளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினாய். நான் பின்னால் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். என் முந்தானை முழுக்க ரத்தம். வழியெல்லாம் நீ "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க கண்ணு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாய். அவள் அழவேயில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டே, "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ வாயைத் திறந்தாய், அதை நான் பார்த்தேன், நீ சொல்லத்தான் போனாய். அதற்குள் அந்தப் பிள்ளை, அந்த உதட்டை வைத்துக்கொண்டு, "படியில வழுக்கி விழுந்துட்டேனுங்க" என்றாள். உன் வாய் மூடிக்கொண்டது. நான் சுவரைப் பார்த்தேன்.

அப்புறம் அவள் அப்பா காட்டிலிருந்து மண் கையோடு ஓடி வந்தார். தையல் போட்ட முகத்தைப் பார்த்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க மட்டும் இல்லீன்னா எங்க புள்ளைய யாருங்க இவ்வளவு சுருக்காத் தூக்கிட்டு வந்திருப்பாங்க" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீ கையை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டாய். அவர் என்னிடம் திரும்பி, "எந்தப் படிங்க்கா?" என்று கேட்டார். நான் சொன்னேன், "சமையக்கட்டுப் படிதானுங்க. கழுவி விட்டேன், ஈரமா இருந்துச்சு." எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா? அன்று நல்ல வெயில். நான் படியைக் கழுவவே இல்லை. பிள்ளை ஒரு பொய்க்குத்தான் வாயைத் திறந்தது, அதற்குப் படி, தண்ணீர், கழுவிய ஆள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தவள் நான். உன் மேல் கேஸ் வந்துவிடுமோ, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொன்னேன். அந்த நேரத்தில் எந்த அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அந்தச் சமாதானம் நிற்க மாட்டேன் என்கிறது.

நீ போன அன்று காலையில் நான் சமையலுக்குப் போனபோது, பவித்ராவின் அப்பா உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்து சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மி கொத்துவது போல அந்தக் கல்படி முழுக்கப் பொளிந்து விட்டுக்கொண்டிருந்தார். "இனி எந்தப் புள்ளையும் வழுக்காதுங்க்கா" என்றார். அவருக்கு அன்றைக்குக் கூலி போயிற்று. நான் டீ போட்டுக் கொடுத்தேன். அதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தினமும் அந்தப் படியில் கால் வைத்துத்தான் உள்ளே போகிறேன்.

பெரிய டீச்சருக்கு ஒருவேளை தெரிந்திருக்கும். நேராகக் கேட்கவில்லை. "விடுங்கம்மா, பிள்ளைங்க மறந்துரும். நீங்களும் மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார். கெட்டவர் இல்லை. நாலு வருஷத்தில் ரிட்டயர் ஆகப் போகிறவர், பள்ளிக்கூடத்துக்குப் பேர் கெட்டுவிடுமே என்று பார்க்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன், மறந்துவிடுவார்கள் என்று. இன்றைக்குத்தான் தெரிந்தது, அவர்கள் மறக்கவில்லை, கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

காலையில் பந்தி முடிந்த பிறகு குழாயடியில் அழுகைச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஒண்ணாவது படிக்கும் குட்டிப் பையன் முழங்காலில் தோல் உரிந்து உட்கார்ந்திருக்கிறான். முன்னால் உன் தங்கச்சி நிற்கிறாள். அவள் கை இன்னும் தள்ளிய வாக்கிலேயே இருக்கிறது. "யாரு தள்ளுனது?" என்றேன். ஹரிணி என் முகத்தை நேராகப் பார்த்து, "வழுக்கி விழுந்துட்டானுங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் என்னை ங்க போட்டுத்தான் பேசுவாள். நான் அந்தப் பையனிடம், "நீ சொல்லு சாமி" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற பெரிய பிள்ளைகளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "வழுக்கிருச்சுங்க" என்றான். உடனே எல்லாரும், "ஆமாங்க, வழுக்கித்தான் விழுந்தான்" என்றார்கள். ஒரே குரலில். வாய்ப்பாடு சொல்வது போல. அந்த இடத்தில் தரை காய்ந்து கிடந்தது. நாலு நாளாகக் குழாயில் சரியாகத் தண்ணீரே வரவில்லை.

பவித்ரா தூரத்தில் தனியாக நின்றிருந்தாள். அவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஹரிணியை உட்கார வைத்துக் கேட்டேன். "ஏன் கண்ணு பொய் சொன்னே?"

"பொய் இல்லம்மா. பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லோணும்."

"யாரு சொன்னாங்க அப்படி?"

"யாரும் சொல்லல." சடை ரிப்பனை இழுத்து அவிழ்த்தாள். பிறகு, "படி ஈரமா இருந்துச்சுன்னு நீயும்தான சொன்ன" என்றாள்.

அவளை அடிக்கக் கை எழுந்தது. எழுந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையை வாரிவிட ஆரம்பித்தேன். "அண்ணனுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான ஊட்டுல கேட்டப்ப நாங்க எல்லாரும் படியில வழுக்குச்சுன்னு சொன்னோம்" என்றாள் சீப்புக்கு அடியிலிருந்து. உன்னை இவ்வளவு பிரியமாக வைத்திருக்கிறார்கள், சாமி. அந்தப் பிரியத்தை வைத்துக்கொண்டுதான் இந்தக் காரியத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நீ வைது, மிரட்டி, "யாரிடமும் சொல்லக் கூடாது" என்று சொல்லியிருந்தால்கூட எவளாவது ஒருத்தி வீட்டில் போய்ச் சொல்லியிருப்பாள். நீ சும்மா நின்றாய். தட்டுக் கழுவியதைப் பார்த்த மாதிரியே அதையும் பார்த்துக்கொண்டார்கள்.

நீ நாலாவது படிக்கும்போது ஒரு சாவி காணாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஒரு டீச்சர் இருந்தார், பேர் வேண்டாம். பாடம் சுமார்தான். பஸ்ஸுக்கு நேரமானால் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார், வாய் வேறு ரொம்ப. சாமான் ரூமைப் பூட்டச் சொல்லி உன்னிடம் கொடுத்த சாவி காணோமென்று உன்னை எல்லார் முன்னாலும் மண்டி போட வைத்தார். நீ வீட்டுக்கு வந்து அழவில்லை, சாப்பிடவும் இல்லை. மறுநாள் பிரேயரில் அந்த டீச்சர் முன்னால் வந்து நின்று, "சாவி என்ற டிபன் பையிலேயே கெடந்துச்சு. நேத்து இவனைத் தப்பாச் சொல்லிட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க, தப்பு என்னுது" என்று சொன்னாராம். அதை நீ என்னிடம் சொன்ன விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சாவி கிடைத்ததைவிட, டீச்சர் அப்படிச் சொன்னதில்தான் உனக்கு ஆச்சரியம். "பெரியவங்களும் சொல்வாங்களாம்மா?" என்று கேட்டாய். அந்த டீச்சர் நடத்திய பாடம் ஒன்றுகூட உனக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் வாத்தியார் வேலைக்குத்தான் போவேன் என்று நீ சொல்ல ஆரம்பித்தது அந்த வருஷம்தான். நான் காரணமெல்லாம் கேட்டதில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று பொழுது சாயும்போது நான் பவித்ரா வீட்டுக்குப் போனேன். உனக்காகக் காத்திருக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் போனேன். அவள் அப்பா கட்டிலை இழுத்துப் போட்டு, "வாங்க்கா, சார் எப்பங்க வாராரு?" என்றுதான் ஆரம்பித்தார். பிள்ளை இப்போது வீட்டில் பேசுவதே இல்லையாம். முன்பெல்லாம் ஆட்டைப் போல, கண்டக்டரைப் போல, சோளக்காட்டுச் சந்தை மிளகு வியாபாரியைப் போலப் பேசிக் காட்டி வீட்டையே சிரிக்க வைப்பாளாம். இப்போது ஒன்றும் கிடையாதாம். "நான் கிண்டல் பண்ணுனதுனாலதான் சார் போயிட்டாரு" என்று அம்மாவிடம் ஒரு தடவை சொன்னாளாம். அதற்கு மேல் கேட்டால் வாயைத் திறப்பதில்லையாம். "தூக்கத்துல 'நான் சொல்லலீங்க சார், நான் சொல்லலீங்க சார்'ங்குதுங்க்கா. என்னத்தச் சொல்லலேங்குது? உங்களுக்கு எதாச்சும் தெரியுங்களா?" என்று கேட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை, கண்ணு. மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் வீணாகிவிட்டது. அடி வாங்கிய பிள்ளை, நீ போனதற்கும் தானே காரணம் என்று தூக்கத்தில்கூட உனக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அப்போது பவித்ராவின் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். நம் ஊர் வழக்கம் உனக்கே தெரியும். தீராத வழக்கு இருக்கும் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பேசித் தீர்ந்த பிறகுதான் வாங்கிக் குடிப்பார்கள், அதற்குப் பிறகு பழசை எடுக்க மாட்டார்கள். அந்தச் சொம்பைக் கையில் வாங்கிவிட்டேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன். முடியவில்லை. கீழே வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அவள் சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏனுங்க்கா, எங்க மேல எதாச்சும் கோவமுங்களா?" என்றாள். அவர்கள் மேல் எனக்குக் கோபமாம். "இல்லீங்க, இல்லீங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். அவள் வாசல் வரைக்கும் வந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் விட மாட்டார்கள். தண்ணீரைத் தள்ளி வைத்தால் என்னவென்று கேட்காமல் இந்த ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள். நாளைக்கோ நாளன்றைக்கோ வந்து கேட்பார்கள். கேட்டால் நான் சொல்லிவிடுவேன், இனி ஒரு பொய்க்கு என்னிடம் தெம்பு இல்லை. ஆனால் நான் சொல்வது போதாது. பவித்ரா எனக்காக அந்தப் பொய்யைச் சொல்லவில்லை, உனக்காகச் சொன்னாள். அதை அவளிடமிருந்து நீதான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நான் சொன்னால், சார் ஓடிப்போய்விட்டார், அம்மா வந்து சமாளித்தாள் என்றுதான் அந்தப் பிள்ளைகளுக்குப் படும். அதையும் அவர்கள் கற்றுக்கொள்வார்கள். தப்புப் பண்ணினால் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பின்னால் யாராவது வந்து பேசிக்கொள்வார்கள் என்று.

வந்தால் என்ன நடக்கும் என்று நான் உனக்கு உத்தரவாதம் எதுவும் தர முடியாது. வேலை நிச்சயம் போகும். போலீஸ் வரலாம். அவள் அப்பா உன்னை அடிக்கக்கூடச் செய்யலாம், அன்றைக்கு உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட மனுஷன் அவர். இனி எந்தப் பள்ளிக்கூடத்திலும் உன்னை எடுக்காமல் போகலாம். நீ படித்த படிப்பெல்லாம் வீணாகிவிடலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் மனசில் பாதி அந்த ரிக் வண்டி நாளைக்கே கிளம்பிவிடட்டும் என்றுதான் அடித்துக்கொள்கிறது. எங்கேயாவது போய் நன்றாக இரு, யாரும் உன்னை ஒன்றும் செய்ய முடியாத தூரத்தில் இரு என்று. இந்த வரியை எழுதும்போதுகூட அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் நான் ஆஸ்பத்திரியில் பேச விட்டேன்.

உன்னைக் கெட்டவன் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. நீ ஓடியதே வெட்கத்தில்தான் என்று எனக்குத் தெரியும், பயத்தில் மட்டும் இல்லை. ஆனால் அந்த வெட்கம் உனக்கும் எனக்கும்தான் தெரியும். பிள்ளைகளுக்கு உன் காலியான நாற்காலிதான் தெரிகிறது. அதில் யாரும் உட்காருவதில்லை. பெரிய டீச்சர்கூட அதை இழுத்துப் போட்டு உட்காரப் போனபோது, "அது சாருதுங்க" என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

நீ வந்தால் நான் உன்னோடு வருகிறேன். நீ பேசும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ பேசி முடித்த பிறகு, படியைப் பற்றி நான் சொன்னதை நான் சொல்லிக்கொள்கிறேன். அவர்கள் தண்ணீர் கொடுத்தாலும் சரி, கதவைச் சாத்தினாலும் சரி, இரண்டு பேருமாகவே திரும்பி வருவோம். பவித்ராவிடம் மட்டும் நீ தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவளால் நீ போகவில்லை என்று. மன்னிப்பு என்றெல்லாம் பெரிய வார்த்தை போட்டு அவளைப் பயப்படுத்தாதே. முன்பு பேசியது போலவே பேசு.

அப்பாவிடம் நான் நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். கத்துவார், கத்தட்டும். ஓனரிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், அவரே பேசிக்கொள்வார். வரும்போது பஸ்ஸுக்குக் காசு இல்லையென்றால் மாமாவிடம் வாங்கிக்கொள், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

சின்னச்சாமி மாமா பழத்தை இறக்கிவிட்டு மத்தியானம் வரைக்கும் அங்கேதான் இருப்பார். நீ வருகிறாயா, இல்லையா? எதுவாக இருந்தாலும் ஒரு வரி எழுதி அவர் கையிலேயே கொடுத்து விடு. இல்லையென்றால் போனையாவது எடு. சீக்கிரம் பதில் சொல், கண்ணு.

அம்மா